கே. சுப்ரமணியம்: எத்தனை குண்டு போதும் என்று கேட்டவர்

அணுகுண்டு வேண்டும் என்று வாதாடியோர் இந்தியாவில் பலர். எத்தனை போதும் என்று கூடவே கேட்டோர் சிலர். அச்சிலருள் முதலில் வைத்து எண்ணத்தக்கவர் கே. சுப்ரமணியம்.

1929இல் திருச்சிராப்பள்ளியில் பிறந்த அவர், சென்னை மாநிலக் கல்லூரியில் வேதியியல் பயின்று, 1951இல் இந்திய ஆட்சிப் பணியில் சேர்ந்தார். 1968இல் டெல்லியிலுள்ள பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் இயக்குநரானார். அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தம் கையொப்பத்துக்கு வந்ததும் அதே ஆண்டில்தான். 1967க்கு முன் குண்டு வெடித்த ஐந்து நாடுகளுக்கு ஒரு நீதி, மற்றவர்களுக்கு வேறொரு நீதி என்ற அந்த ஏற்பாட்டை அவர் கடைசிவரை ஏற்கவில்லை. சீனா 1964இலேயே லோப் நூரில் குண்டு வெடித்திருந்தது. அண்டையில் அப்படியொரு வல்லரசை வைத்துக்கொண்டு இந்தியா வெறுங்கையுடன் இருப்பது தகாது என்பது அவர் வாதம்.

ஆனால் அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் ஆயிரக்கணக்கில் குண்டுகளைக் குவித்த வழி அவருக்கு உடன்பாடன்று. எதிரியின் முதல் தாக்குதலுக்குத் தப்பும் சில குண்டுகள் இருந்தாலே போதும். பதிலடி உறுதி என்று எதிரி நம்பிவிட்டால் தொடங்கவே துணியமாட்டான். தேசியப் பாதுகாப்பு ஆலோசனை வாரியத்தின் ஒருங்கிணைப்பாளராக அவர் இருந்தபோது, 1999 ஆகஸ்ட் 17 அன்று வெளியான வரைவுக் கோட்பாட்டில் இந்தச் சிந்தனையைக் காணலாம். முதலில் பயன்படுத்துவதில்லை, நம்பத்தக்க குறைந்தபட்சத் தடுப்பாற்றல் மட்டும் போதும், குண்டுகளை விமானம், நடமாடும் ஏவுகணை, கடல் ஆகிய மூன்றிலும் பிரித்து வைக்கவேண்டும். ஒன்றை அழித்தாலும் மற்றவை மிஞ்சும் என்பதே இந்தப் பிரிவின் சூட்சுமம். பெரிய குண்டுக் குவியல் வேண்டும் என்றோர் இதைப் போதாது என்றார்கள். குண்டே கூடாது என்றோர் மிகை என்றார்கள்.

வரைவு வெளிவருவதற்கு ஏறத்தாழ மூன்று வாரத்துக்கு முன்புதான், 1999 ஜூலை 29 அன்று, கார்கில் ஆய்வுக் குழு அவர் தலைமையில் அமைக்கப்பட்டிருந்தது. இந்தியாவும் பாகிஸ்தானும் 1998 மே மாதத்தில் குண்டு வெடித்திருந்தும், மறு ஆண்டே கார்கில் மலைமுகடுகளில் ஊடுருவல் நடந்தது. குண்டை எதிர்க்குண்டு தடுக்கும். இரவோடிரவாக முகடேறும் படையைத் தடுக்காது. அதற்கு உளவும் கண்காணிப்பும் துறைகளுக்கிடையே ஒத்துழைப்பும் வேண்டும். குழுவின் அறிக்கை இவற்றிலிருந்த குறைகளை ஒளிக்காமல் எடுத்துரைத்தது. அதைத் தொடர்ந்த சீர்திருத்தங்களில் பாதுகாப்பு உளவு முகமை போன்ற அமைப்புகள் உருவாயின. தடுப்பாற்றலுக்காக வாழ்நாளெல்லாம் வாதாடியவரே அது எட்டாத இடத்தையும் அரசுக்குச் சுட்டிக்காட்டும் பொறுப்பை ஏற்றார்.

அந்த 1999இல்தான் பத்மபூஷண் விருதையும் மறுத்தார். அதிகாரிகளும் பத்திரிகையாளர்களும் அரசிடம் விருது பெறலாகாது என்பது அவர் நிலை. 2011 பிப்ரவரியில் மறைந்தார். அவருடைய முடிவுகளோடு உடன்படாதவரும் அவர் வகுத்த கேள்விகளிலிருந்தே தொடங்கவேண்டியிருக்கிறது: எதைத் தடுக்க, எவ்வளவு, யார் கட்டளையில்? இந்திய அணுக்கொள்கை விவாதத்துக்கு இந்தக் கணக்குப் பழக்கத்தை ஊட்டியதே அவருடைய பெரும்பணி.