டிகிரி 3 வருஷமா, 4 வருஷமா? புதுச்சேரி மாணவர்களைக் குழப்பும் 'ஹானர்ஸ்' கணக்கு: முழு விவரம்

"மூணாவது வருஷத்தோட டிகிரி வாங்கிட்டுக் கிளம்பலாமா? இல்ல, நாலாவது வருஷமும் படிக்கணுமா?" புதுச்சேரியில் கலை, அறிவியல், வணிகவியல் படிக்கும் மாணவர்கள் வீட்டில் இப்போது ஓடும் கேள்வி இதுதான்.

தேசியக் கல்விக் கொள்கை 2020-ஐ அடிப்படையாகக் கொண்ட புதிய இளநிலைப் பாடத்திட்டம், புதுவைப் பல்கலைக்கழகத்தின் கீழ் 2023-24 கல்வியாண்டில் தொடங்கியது. அந்த ஆண்டு சேர்ந்தவர்கள் ஆறாவது செமஸ்டரை முடிப்பது 2026-ல். அங்கே பாதை இரண்டாகப் பிரிகிறது. 3 ஆண்டு டிகிரியோடு வெளியே வரலாம். அல்லது இன்னும் ஓராண்டு படித்து 'ஹானர்ஸ்' பட்டம் வாங்கலாம்.

ஒரு வருஷக் கட்டணம், ஒரு வருஷச் சம்பளம், மேற்படிப்பு சீட் என மூன்றும் இந்த முடிவைச் சார்ந்திருக்கின்றன. அதனால் கணக்கைச் சரியாகத் தெரிந்துகொள்வது அவசியம்.

'ஹானர்ஸ்' என்றால் என்ன?

சாதாரண டிகிரியைவிட ஒரு பாடத்தை ஆழமாகப் படித்ததற்கான பட்டம்தான் ஹானர்ஸ். பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யு.ஜி.சி., 2022 டிசம்பரில் வெளியிட்ட இளநிலைப் பாடத்திட்டக் கட்டமைப்பின்படி மூன்று வகைப் பட்டங்கள் உண்டு.

1. 3 ஆண்டு இளநிலைப் பட்டம்: குறைந்தது 120 கிரெடிட்.
2. 4 ஆண்டு ஹானர்ஸ்: குறைந்தது 160 கிரெடிட்.
3. 4 ஆண்டு 'ஆராய்ச்சியுடன் ஹானர்ஸ்': இதற்கும் 160 கிரெடிட்தான். ஆனால் அதில் 12 கிரெடிட் ஆராய்ச்சித் திட்டத்துக்கு.

கிரெடிட் என்பது பாட நேரத்துக்கான அளவு. ஒரு செமஸ்டரில் 15 மணி நேர வகுப்பு என்றால் 1 கிரெடிட். ஆய்வகப் பயிற்சி என்றால் 30 மணி நேரத்துக்கு 1 கிரெடிட். ஆக, 3 கிரெடிட் பாடம் ஒன்றுக்கு 45 மணி நேரம் வகுப்பில் உட்கார வேண்டும்.

120 கிரெடிட்டும் ஒரே பாடத்துக்கா?

இல்லை. பழைய முறைக்கும் புதிய முறைக்கும் உள்ள பெரிய வித்தியாசமே இதுதான். 3 ஆண்டுப் படிப்பில் யு.ஜி.சி. சொல்லும் குறைந்தபட்சப் பங்கீடு இப்படி:

- மேஜர் (முக்கியப் பாடம்): 60 கிரெடிட்
- மைனர் (துணைப் பாடம்): 24 கிரெடிட்
- பல்துறைப் பாடங்கள்: 9 கிரெடிட்
- மொழிப் பாடங்கள்: 8 கிரெடிட்
- திறன் வளர்ப்புப் பாடங்கள்: 9 கிரெடிட்
- சுற்றுச்சூழல் கல்வி, இந்தியாவைப் புரிந்துகொள்ளுதல் போன்ற பொதுப் பாடங்கள்: 6 முதல் 8 கிரெடிட்
- கோடைக்கால இன்டர்ன்ஷிப்: 2 முதல் 4 கிரெடிட்

அதாவது மொத்தத்தில் பாதிதான் மேஜர். நான்காம் ஆண்டும் படித்தால் மேஜர் 80, மைனர் 32 என்று உயரும்.

பல்துறைப் பாடத்தில் ஒரு கண்டிஷன் உண்டு. மேஜர், மைனராக எடுத்திருக்கும் துறையில் பிளஸ் டூ-வில் ஏற்கெனவே படித்ததையே இந்த 9 கிரெடிட்டுக்காகத் திரும்ப எடுக்க முடியாது. வேதியியல் மாணவர் பொருளாதாரமோ ஊடகவியலோ படிக்கலாம். வரலாறு மாணவி புள்ளியியல் அடிப்படையைத் தொட்டுப் பார்க்கலாம். தெரியாத துறையில் கால் வைக்க வேண்டும் என்பதுதான் நோக்கம்.

பல துறை சேர்ந்தே ஒரு டிகிரி

இன்னொரு வாய்ப்பும் இருக்கிறது. ஒரே துறையை மேஜராக வைக்காமல், இரண்டு மூன்று துறைகளை இணைத்தே ஒரு பட்டம் தரலாம் என்கிறது யு.ஜி.சி. அதற்கு அது சொல்லும் உதாரணம் பொருளாதார அளவியல். இதில் முக்கியப் பாடத்துக்கான கிரெடிட்டுகள் பொருளாதாரம், புள்ளியியல், கணிதம் என மூன்றுக்கும் பிரித்துத் தரப்படும். இரண்டு துறைகளை மேஜராக எடுக்கும் 'டபுள் மேஜர்' முறையும் உண்டு. இரண்டாவது மேஜரில் குறைந்தது 40 சதவீத கிரெடிட் வாங்க வேண்டும்.

எந்தக் கல்லூரியில் எந்தச் சேர்க்கை கிடைக்கும் என்பது அங்குள்ள துறைகளையும் ஆசிரியர்களையும் பொறுத்தது. விதியில் இருக்கிறது என்பதற்காக எல்லா இடத்திலும் கிடைத்துவிடாது.

இது எதற்குப் பயன்படும்? நம்ம கடற்கரையையே பாருங்கள்

1980-களின் இறுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக அலைத்தடுப்புச் சுவர்கள் கட்டப்பட்டன. நம் கிழக்குக் கடற்கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகரும். அந்த ஓட்டம் தடைபட்டதால் தெற்கே மணல் சேர்ந்தது. வடக்கே நகரக் கடற்கரை காணாமல் போனது. கரையைக் காக்கக் கற்களைக் கொட்டினார்கள். அரிப்பு இன்னும் வடக்கே, தமிழ்நாட்டு எல்லைக்குள் இருக்கும் மீனவக் கிராமங்கள் வரை போனது. பின்னர் தலைமைச் செயலகம் அருகே கடலுக்குள் செயற்கைத் திட்டு அமைத்த பிறகுதான் நகரத்தில் ஒரு பகுதியில் மணல் திரும்பியது.

இந்த ஒரு பிரச்சினையைப் புரிந்துகொள்ள எத்தனை பாடம் வேண்டும்? அலையும் மணலும் இயற்பியலும் புவியியலும். வலை காயவைக்க இடம் இல்லாமல் போன குடும்பங்களின் கதை சமூகவியல். சுற்றுலா வருமானம் பொருளாதாரம். கடலோர ஒழுங்குமுறை விதிகள் சட்டம். ஒரு துறை மட்டும் படித்தவருக்கு இதில் கால்வாசிதான் கண்ணில் படும்.

புதுச்சேரிக்கு இப்படிப்பட்ட படிப்பு புதுசும் இல்லை. செயின்ட் லூயி வீதியில் 1955 முதல் இயங்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் இந்தியவியல், சூழலியல், சமூக அறிவியல், புவித் தகவலியல் ஆகியவை ஒரே வளாகத்தில்தான் இருக்கின்றன. ஓலைச்சுவடி படிப்பவரும் மகரந்தத் துகளை ஆராய்பவரும் அங்கே அக்கம்பக்கத்தில் வேலை செய்கிறார்கள்.

75% ஏன் முக்கியம்?

'ஆராய்ச்சியுடன் ஹானர்ஸ்' எல்லோருக்கும் கிடைக்காது. முதல் 6 செமஸ்டரில் 75% அல்லது அதற்கு மேல் வாங்கியவர்களுக்குத்தான் அந்த வாய்ப்பு. அதற்குக் குறைவாக இருந்தால் நான்காம் ஆண்டு படிக்க முடியாதா? படிக்கலாம். ஆராய்ச்சித் திட்டத்துக்குப் பதில் 12 கிரெடிட்டுக்கு 3 பாடங்கள் படித்து, ஹானர்ஸ் பட்டம் வாங்கலாம்.

பி.எச்டி-க்கும் இதே எண்தான். 2022 நவம்பரில் வந்த யு.ஜி.சி. விதிப்படி, 4 ஆண்டு டிகிரியில் 75% எடுத்தவர்கள் எம்.ஏ., எம்.எஸ்சி. படிக்காமலே நேரடியாக பி.எச்டி. சேர்க்கைக்குத் தகுதி பெறலாம். நெட் தேர்வும் எழுதலாம். பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், கிரீமிலேயரில் வராத இதர பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு 5% வரை தளர்வு தர விதியில் இடம் உண்டு.

முதல் வருஷத்தில் "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விட்ட மார்க், மூன்றாம் வருஷ முடிவில் இந்தக் கதவை மூடிவிடும். காரணம், 6 செமஸ்டரும் சேர்த்துத்தான் கணக்கு.

நடுவில் நிறுத்தினால் எல்லாம் வீணா?

வீணாகாது. 40 கிரெடிட்டோடு ஓராண்டில் வெளியேறினால் சான்றிதழ், 80 கிரெடிட்டோடு இரண்டாம் ஆண்டில் வெளியேறினால் டிப்ளமோ. ஆனால் இரண்டுக்கும் கோடை விடுமுறையில் 4 கிரெடிட் தொழிற்பயிற்சிப் பாடம் ஒன்றை முடித்திருக்க வேண்டும். 3 ஆண்டுக்குள் திரும்பி வந்து சேரலாம். மொத்தம் 7 ஆண்டுக்குள் டிகிரியை முடிக்க வேண்டும்.

வாங்கிய கிரெடிட்டுகள் 'அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ்' என்ற டிஜிட்டல் கணக்கில் சேரும். வங்கியில் பணம் போடுவது மாதிரி. பெயர், பிறந்த தேதியில் பிழை இருந்தால் இப்போதே திருத்திவிடுவது நல்லது.

நடுவில் நிறுத்துவது பெரும்பாலும் விருப்பத்தால் நடப்பதில்லை. அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, கல்யாணம், வீட்டில் பணம் இல்லை என்று நின்றுபோகிறவர்களே அதிகம். அவர்களுக்குத் திரும்ப வர ஒரு வழி இருப்பது நல்ல விஷயம். அதே நேரம், ஓராண்டுச் சான்றிதழுக்கு வேலைச் சந்தையில் என்ன மதிப்பு என்பது கல்வியாளர்கள் பலர் எழுப்பும் கேள்வி. டிகிரி கேட்கும் வேலைக்கு அந்தச் சான்றிதழ் போதாது.

தமிழகத்தில் ஹானர்ஸ் இருந்ததே!

ஆமாம். பழைய சென்னைப் பல்கலைக்கழகத்தில் இன்டர்மீடியட் 2 ஆண்டு முடித்தால், சாதாரண பி.ஏ.வுக்கு மேலும் 2 ஆண்டு, ஹானர்ஸ் என்றால் 3 ஆண்டு. நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகர், சென்னை மாநிலக் கல்லூரியில் 1930-ல் முடித்தது இயற்பியல் ஹானர்ஸ்தான். ஆனால் அது சிலர் மட்டுமே ஒரே பாடத்தில் மூழ்கிப் படித்த படிப்பு. இன்றைய ஹானர்ஸ் பல துறைகளைத் தொட்டுச் செல்வது.

எல்லை தாண்டினால் கணக்கு மாறும்

புதுச்சேரி மாணவர்களுக்கு இதுதான் தனிச் சிக்கல். கோரிமேட்டைத் தாண்டினாலே தமிழ்நாடு. தேசியக் கல்விக் கொள்கையைத் தமிழ்நாடு அரசு ஏற்கவில்லை. அங்கே கலை, அறிவியல் கல்லூரிகளில் வழக்கமான 3 ஆண்டு இளநிலை, 2 ஆண்டு முதுநிலை தொடர்கிறது. கேரளம் 2024 ஜூலையில் தன் சொந்த வடிவில் 4 ஆண்டு முறைக்கு வந்தது. கர்நாடகம் 2021-ல் தொடங்கி, 2024-ல் மீண்டும் 3 ஆண்டுக்கே திரும்பியது. டெல்லிப் பல்கலைக்கழகம் 2013-ல் 4 ஆண்டுப் படிப்பைக் கொண்டுவந்து அடுத்த ஆண்டே கைவிட்டது. 2022-ல் மறுபடியும் தொடங்கியது.

3 ஆண்டு டிகிரிக்குப் பிறகு 2 ஆண்டு முதுநிலை. 4 ஆண்டு ஹானர்ஸ் என்றால் ஓராண்டு முதுநிலை. இது 2024-ல் யு.ஜி.சி. வெளியிட்ட முதுநிலைக் கட்டமைப்பு. இரண்டு வழியிலும் மொத்தம் 5 ஆண்டுதான். ஆனால் 4 ஆண்டு முடித்துவிட்டு, 2 ஆண்டு முதுநிலை மட்டுமே உள்ள கல்லூரியில் சேர்ந்தால் 6 ஆண்டு ஆகிவிடும். ஒரு வருஷம் அங்கே போய்விடும்.

யார் இருக்கலாம், யார் கிளம்பலாம்?

நான்காம் ஆண்டு யோசிக்கலாம்: ஆராய்ச்சியில் விருப்பம் உள்ளவர்கள், 75%-ஐத் தாண்டியவர்கள், ஓராண்டு முதுநிலை எங்கே கிடைக்கும் என்று தெரிந்துகொண்டவர்கள், 4 ஆண்டு இளநிலைப் பட்டத்தை எதிர்பார்க்கும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் போன்ற இடங்களுக்கு முயல்பவர்கள்.

3 ஆண்டோடு கிளம்பலாம்: அரசுத் தேர்வுகளுக்குத் தயாராகிறவர்கள். குடிமைப் பணித் தேர்வு எழுத ஏதாவது ஒரு டிகிரி போதும், ஹானர்ஸ் கட்டாயமில்லை. வீட்டுக்கு உடனே வருமானம் தேவைப்படுகிறவர்கள், தமிழ்நாட்டில் 2 ஆண்டு முதுநிலையில் சேரப் போகிறவர்கள், பி.எட். திட்டம் வைத்திருப்பவர்கள் ஆகியோருக்கும் இதுவே வசதி.

கல்லூரிகள் தயாரா?

பல்கலைக்கழகத்தின் காலாப்பட்டு வளாகத்தில் ஆய்வகமும் நூலகமும் பி.எச்டி. வழிகாட்டிகளும் உண்டு. இணைப்புக் கல்லூரிகளின் நிலை அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது. புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் என நான்கு பகுதிகளில் கல்லூரிகள் சிதறிக் கிடக்கின்றன. நான்காம் ஆண்டுப் பாடம் முதுநிலை அளவுக்கு இருக்க வேண்டும். ஆராய்ச்சிக்கு வழிகாட்டத் தகுதியான ஆசிரியர் வேண்டும். பல்துறைப் பாடத்தில் தேர்வு என்பது, கல்லூரியில் பல துறைகள் இருந்தால்தான் உண்மையான தேர்வு. நான்கைந்து துறை மட்டும் உள்ள சின்னக் கல்லூரியில் மாணவர் 'விரும்பி எடுத்த' பாடம், அங்கே இருந்த ஒரே பாடமாகக்கூட இருக்கலாம்.

முடிவெடுக்கும் முன் கல்லூரியில் கேளுங்கள்

- என் துறையில் நான்காம் ஆண்டு நடக்குமா? எத்தனை இடம்?
- ஆராய்ச்சிக்கு வழிகாட்டி யார்? ஒருவருக்கு எத்தனை மாணவர்கள்?
- நான்காம் ஆண்டுக் கட்டணம் எவ்வளவு? உதவித்தொகை தொடருமா?
- என் பாடத்தில் ஓராண்டு முதுநிலை எங்கே இருக்கிறது?
- என் 6 செமஸ்டர் சதவீதத்தை எந்த முறையில் கணக்கிடுவீர்கள்?
- என் கிரெடிட் எல்லாம் டிஜிட்டல் கணக்கில் ஏறிவிட்டதா?

பதிலை வாய்மொழியாக மட்டும் வாங்கிக்கொள்ள வேண்டாம். பல்கலைக்கழகத்தின் சுற்றறிக்கையோ விதிமுறையோ இருந்தால் நகல் கேளுங்கள். பக்கத்து வீட்டு அண்ணன் படித்த காலத்து விதி இப்போது செல்லாது. வேறு மாநிலத்தில் படிக்கும் உறவுக்காரப் பெண்ணுக்குப் பொருந்துவதும் உங்களுக்குப் பொருந்த வேண்டியதில்லை. மூன்றாம் ஆண்டு ரிசல்ட் வரும்வரை காத்திருக்காமல், ஐந்தாவது செமஸ்டரிலேயே விசாரித்து வைத்தால் எந்தப் பாதைக்கும் நேரம் இருக்கும்.