அரை அழுத்தம்

2015-ல் ஒரகடம் பக்கம் ஓர் ஏரிக்கரையில் உடைந்த கல்வெட்டுப் பலகை ஒன்றைப் பார்த்தேன். நாலு வரி தேறும். பொழுது சாய்கிற நேரம். தேய்ந்த கல்வெட்டுக்கு டார்ச்சைக் கல்லோடு ஒட்டினாற்போல பக்கவாட்டில் பிடிக்கணும், அப்போதான் எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழும். இடது கை அதற்கே சரி. வலது கையால் போனைப் பிடித்து, அதே கை கட்டைவிரலால் திரையைத் தொட வேண்டும். தொட்டால் போன் ஆடும். பதினொரு படம் எடுத்தேன், எல்லாம் கலங்கல். அடுத்த மாதம் போனால் பலகை இல்லை. கரையைச் சமன் செய்துவிட்டிருந்தார்கள்.

ஷட்டர் பட்டன் மேல் எனக்குப் பைத்தியம் பிடித்தது அதற்கப்புறம்தான்.

பக்கத்து ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டது. அங்கே பெரும்பாலும் மலிவு விலைப் போன்கள்தான். ஆனால் அதே கம்பெனியின் என்95, என்8 போன்றவற்றில் கேமராவுக்கென்றே தனி பட்டன் இருந்தது: பாதி அழுத்தினால் ஃபோகஸ், முழுதும் அழுத்தினால் படம். விண்டோஸ் போன் 7 வந்தபோது மைக்ரோசாஃப்ட் இந்தப் பட்டனைக் கட்டாயமாகவே ஆக்கியது. ஆப்பிளோ நேரெதிர். வால்யூம் பட்டனால் படமெடுக்க வழி வைத்த கேமரா பிளஸ் செயலியை 2010-ல் கடையிலிருந்தே தூக்கியது. அடுத்த வருஷம் ஐஓஎஸ் 5-ல் அதையே தன் வசதியாகக் கொடுத்தது!

தனி பட்டன் ஐபோனுக்கு வர 2024 ஆச்சு, ஐபோன் 16-ல். அது தயாராவது இதே ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையிலும்தான். (இந்த வட்டாரத்தில் பல ஆலை வாசல்களில் உள்ளே போகும்முன் போன் கேமரா மேல் ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார்கள், அது தனிக் கதை.)

வாங்கிப் பார்த்தேன். என் கைக்கு அது சரிப்படவில்லை. போனைப் படுக்கவைத்துப் பிடித்தால் பட்டன் மூலையிலிருந்து உள்ளே தள்ளி நிற்கிறது. ஆள்காட்டி விரலை மடக்கித் தேடணும். கெட்டியாகவும் இருக்கிறது, அழுத்தும்போது படம் அசைகிறது. பாதி அழுத்தத்தில் ஃபோகஸைப் பூட்டும் வசதியே டிசம்பரில் ஐஓஎஸ் 18.2-ல்தான் வந்தது. 2013-ன் லூமியா 1020-ல் விரல் இயல்பாகப் போய் உட்காரும் இடத்திலேயே பட்டன் இருக்கும். பழையது ஒன்று வாங்கி, டார்ச்சோடு பையில் வைத்திருக்கிறேன்.

அந்தப் பதினொன்றில் ஒரு படத்தில் 'ஸ்வஸ்திஸ்ரீ' மட்டும் தெரிகிறது. அதற்கடுத்து அரசன் பெயர் வந்திருக்க வேண்டிய இடம் கலங்கல்.