இஞ்சுரி என்ற சொல் மலையேறிய கதை



மெக்காலே என்றதும் கல்விக் கொள்கையைத் திட்டத்தான் நமக்குத் தெரியும். அவர் நம் ஊருக்கு வந்தவர். 1834 ஜூனில் சென்னையில் கப்பலிறங்கி, ஊட்டியில் இருந்த கவர்னர் ஜெனரல் பெண்டிங்கைப் பார்க்கப் பல்லக்கில் மலையேறினார். பின்னர் அவர் தலைமையிலான சட்டக் குழு 1837-இல் கொடுத்த வரைவே, 1860-இல் இந்திய தண்டனைச் சட்டமாயிற்று.

நாம் 'காயம்' என்று ஒரே சொல்லில் முடிப்பதற்கு அந்தச் சட்டத்தில் இரண்டு சொற்கள். 'ஹர்ட்' என்றால் உடல் வலி, நோய், உடல் நலிவு. 'இஞ்சுரி' இன்னும் பெரியது: ஒருவரின் உடல், மனம், நற்பெயர், சொத்து இவற்றில் எதற்கும் சட்டவிரோதமாகச் செய்யப்படும் தீங்கு. அதன் லத்தீன் வேருக்கே 'நியாயமில்லாதது' என்றுதான் பொருள். ரத்தம் வரவேண்டும் என்பதில்லை, அநியாயம் நடந்தால் போதும்.

எஸ்டேட்காரர்களான நமக்கு இந்தச் சொல் வந்து சேர்ந்தது வேறு வழியில். 1923-இல் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் வந்தது. தேயிலைத் தோட்டத் தொழிலாளரும் அதில் அடக்கம். அங்கே இஞ்சுரி சுருங்கிவிட்டது. வேலையின்போது, வேலையின் காரணமாக, விபத்தில் உடலுக்கு நேர்வது மட்டும்தான் இஞ்சுரி. இன்றைய விதிப்படி, மழையில் சரிவில் சறுக்கிக் கால் பிசகி மூன்று நாளுக்குள் எழுந்துவிட்டால் இழப்பீடு கிடையாது.

பெரிய காயத்துக்கு ஓர் அட்டவணை உண்டு. கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீதம் இழப்பு. ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14. கொழுந்து பறித்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், அந்த இரண்டு விரலும்தானே அவர்களுடைய தொழில்! குமாஸ்தாவுக்கும் 14, கொழுந்து கிள்ளுகிறவருக்கும் 14 என்பது எனக்கு ஒருநாளும் ஒப்பவில்லை.

நீதிமன்றத்துக்கும் இந்தக் கேள்வி போயிருக்கிறது. சினிமா தியேட்டரில் வேலை செய்தபோது விழுந்த ஒரு தச்சருக்கு இடது கையை முழங்கைக்கு மேல் வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. முழு ஊனம் இல்லை, பகுதி ஊனம்தான் என்று முதலாளி தரப்பு வாதாடியது. உச்ச நீதிமன்றம் 1975 டிசம்பரில் அதை ஏற்கவில்லை. ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது, ஆகவே இழப்பு 100 சதவீதம் என்றது. பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கு என்று பெயர். வக்கீலுக்குப் படிக்கும் பிள்ளைகள் தேடிப் படியுங்கள்.