எட்டுப் பேரும் ஒரே நாளில் பேப்பர் போட்ட கதை

"மேனேஜர் டார்ச்சர் தாங்க முடியலை, பேப்பர் போட்டுடலாமா?" வேலைக்குப் போறவங்க இருக்கிற எந்த வாட்ஸ்அப் குரூப்லயும் மாசத்துக்கு ஒரு தடவையாவது இந்தக் கேள்வி வந்துடும். பதிலும் ரெண்டே தினுசுதான். "விட்டுத் தள்ளு மச்சி, உனக்கு வேலையா கிடைக்காது?"ன்னு ஒரு கோஷ்டி. "எல்லா ஆபீஸ்லயும் இதே கதைதான், பல்லைக் கடிச்சிக்கிட்டு இரு"ன்னு இன்னொரு கோஷ்டி.

இன்னைக்கு எபிசோட்ல, இதே கேள்வியை 1957-ல் தங்களுக்குள்ள கேட்டுக்கிட்ட எட்டுப் பேரைப் பத்திப் பேசப் போறோம். கலிஃபோர்னியாவில், மவுன்டன் வியூ என்ற ஊரில், ஒரு சின்ன லேபில் வேலை பார்த்தவங்க. வெளியே வந்து அவங்க ஆரம்பிச்ச கம்பெனியிலிருந்துதான் சிலிக்கான் வேலியின் பெரும்பகுதி கிளைவிட்டுப் போச்சு. அந்த வெற்றிக் கதை நிறையப் பேருக்குத் தெரியும். நாம கவனிக்கப் போறது அதுக்கு முந்தைய சில மாசங்களை. இருக்கலாமா, போகலாமான்னு அவங்க தவிச்ச மாசங்கள்.

முதல்ல போனவர்கள்

அவங்க பாஸோட பேர் வில்லியம் ஷாக்லி. கதை அவர் வேலை பார்த்த நியூ ஜெர்சி பெல் லேப்ஸில் தொடங்குது. 1947 டிசம்பரில் ஜான் பார்டீன், வால்டர் பிராட்டைன் என்ற ரெண்டு பேர் அங்கே முதல் டிரான்சிஸ்டரை வேலை செய்ய வச்சாங்க. அவங்க குழுவுக்குத் தலைவர் ஷாக்லி. ஆனா அந்தக் கடைசிக்கட்டப் பரிசோதனையில் அவர் கை படலை. காப்புரிமை விண்ணப்பத்திலும் அவர் பெயர் வரலை. இதை அவரால ஜீரணிக்கவே முடியலை.

அடுத்த சில வாரங்களில், டீமுக்குச் சொல்லாம தனியா உட்கார்ந்து யோசிச்சு, ஜங்ஷன் டிரான்சிஸ்டர் என்ற வேற ஒரு வடிவத்தைக் கண்டுபிடிச்சார். முதல் டிரான்சிஸ்டரைவிட அதுதான் தொழிற்சாலையில் செய்றதுக்குத் தோதா இருந்தது. இந்த இடத்தை ஞாபகம் வச்சுக்கங்க. மோசமான மேனேஜர்னாலே திறமை இல்லாத ஆள்னு நாம நினைச்சுக்கறோம். ஷாக்லி விஷயத்தில் அப்படிச் சொல்லவே முடியாது. அவர்கிட்ட கத்துக்க நிறைய இருந்தது. அதனாலதான் முடிவெடுக்கறது கஷ்டமாச்சு.

அந்தப் புது வேலையில் பார்டீனுக்கும் பிராட்டைனுக்கும் அவர் இடம் கொடுக்கலை. பிராட்டைன் இனி இவருக்குக் கீழே வேலை பார்க்க முடியாதுன்னு சொல்லி, அதே பெல் லேப்ஸில் வேற குழுவுக்கு மாறிக்கிட்டார். பார்டீன் 1951-ல் ராஜினாமா செய்துட்டு இல்லினாய் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே மீக்கடத்துதிறன் பத்தி ஆராய்ச்சி பண்ணி, 1972-ல் இரண்டாவது தடவையா இயற்பியல் நோபல் வாங்கினார். இயற்பியலுக்கு ரெண்டு நோபல் வாங்கின ஒரே ஆள் இன்னைக்கு வரைக்கும் அவர்தான்.

ஒரே பாஸ். ஒருத்தர் டீம் மாறினார், ஒருத்தர் இடத்தையே மாத்தினார். ரெண்டு பேரும் சத்தம் போடாம செஞ்சாங்க.

391, சான் அன்டோனியோ ரோடு

1955-ல் ஷாக்லி, ஆர்னால்டு பெக்மன் என்ற தொழிலதிபரோட பணத்தில் சொந்த லேப் ஆரம்பிக்க ஏற்பாடு செய்தார். பெக்மன் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கம்பெனியின் ஒரு பிரிவு அது. இடம், அவர் வளர்ந்த பாலோ ஆல்டோ பக்கத்திலேயே, மவுன்டன் வியூவில் 391, சான் அன்டோனியோ ரோடு. பழைய பெல் லேப்ஸ் சகாக்களைக் கூப்பிட்டுப் பார்த்தார். வரலை. அவரோட வேலை பார்த்த அனுபவம் அவங்களுக்கு இருந்ததே!

அதனால இளைஞர்களைத் தேடினார். ராபர்ட் நொய்ஸ், கார்டன் மூர், ஜீன் ஹோர்னி, ஜே லாஸ்ட், ஷெல்டன் ராபர்ட்ஸ், விக்டர் கிரினிச், யூஜின் கிளைனர், ஜூலியஸ் பிளாங்க் எல்லாரும் இப்படி வந்தவங்கதான். இந்தத் துறையில் ஷாக்லிகிட்டேருந்து போன் வர்றதுங்கிறது கடவுளே கூப்பிடற மாதிரின்னு நொய்ஸ் பின்னாளில் சொல்லியிருக்கார். வேலைக்கு எடுக்கறதுக்கு முன்னாடி எல்லாருக்கும் உளவியல் டெஸ்ட். நொய்ஸுக்கும் மூருக்கும் மேனேஜராகிற தகுதி கிடையாதுன்னு அந்த டெஸ்ட் சொல்லிச்சு. பிறகு இன்டெல் கம்பெனியை ஆரம்பிச்சு நடத்தினது இந்த ரெண்டு பேர்தான்.

1956 நவம்பர் 1-ஆம் தேதி ஷாக்லி, பார்டீன், பிராட்டைன் மூணு பேருக்கும் சேர்த்து நோபல் அறிவிச்சாங்க. ஷாக்லி மொத்த டீமையும் ரெஸ்டாரன்டுக்குக் கூட்டிட்டுப் போய் ஷாம்பெய்னோட விருந்து வச்சார். அந்த போட்டோ இன்னைக்கும் கிடைக்குது. எல்லாரும் கிளாஸைத் தூக்கிப் பிடிச்சிருக்காங்க. ஒரு வருஷம் முடியறதுக்குள்ள அந்த மேஜையைச் சுத்தி இருந்தவங்கள்ல பல பேர் அவரை விட்டுப் போயிட்டாங்க.

நடுவில் என்ன ஆச்சு? ஒரே ஒரு பெரிய சம்பவம் கிடையாது. சின்னச் சின்னதா சேர்ந்துக்கிட்டே போச்சு. ஒருத்தர் ஒரு முடிவைக் கண்டுபிடிச்சுச் சொன்னா, ஷாக்லி பெல் லேப்ஸுக்குப் போன் போட்டு இது சரியான்னு கேட்பார். நொய்ஸ் ஒரு புது வகை டயோடு பத்தி யோசனையோட போனப்ப அவர் ஆர்வம் காட்டலை. கிட்டத்தட்ட அதே யோசனையை ஜப்பானில் லியோ எசாகி செஞ்சு காட்டி, 1973-ல் நோபல் வாங்கினார்.

ஒருநாள் ஆபீஸ் செக்ரட்டரி ஒருத்தர் விரலில் ஏதோ குத்தி ரத்தம் வந்தது. யாரோ வேணும்னே வச்ச சதின்னு ஷாக்லி முடிவு கட்டினார். ஊழியர்களை உண்மை கண்டறியும் கருவியில் உட்கார வைக்கணும்னு நின்னார். கடைசியில் ராபர்ட்ஸ் அந்தப் பொருளை மைக்ராஸ்கோப்ல வச்சுப் பார்த்தா, அது பிளாஸ்டிக் தலை உடைஞ்ச ஒரு பின். நோட்டீஸ் போர்டில் குத்துற சாதாரண பின்.

இதோட இன்னொன்னும் சேர்ந்தது. சிலிக்கான் டிரான்சிஸ்டர் செய்யத்தான் இவங்களை வரவழைச்சார். வந்த பிறகு, தன் மனசுக்குப் பிடிச்ச நாலு அடுக்கு டயோடு பக்கம் வேலையைத் திருப்பினார். செய்யறதுக்கு ரொம்பச் சிக்கலான பொருள் அது. திட்டு வாங்கறது ஒரு பக்கம். எதுக்காக வந்தோமோ அந்த வேலையே கையை விட்டுப் போறது இன்னொரு பக்கம். ரெண்டாவதுதான் ஆளை அதிகமா அரிக்கும்.

மேலிடத்துக்குப் போய்ப் பார்த்தாங்க

1957 மே மாசம் பெக்மன் லேபுக்கு வந்து செலவு பத்திப் பேசினார். ஷாக்லி கடுப்பாகி, "பிடிக்கலைன்னா என் டீமோட வேற இடத்துக்குப் போயிடுவேன்" என்கிற மாதிரி பேசிட்டு எழுந்து போயிட்டார். டீமுக்கோ அவரோட எங்கேயும் போற எண்ணமே கிடையாது.

உடனே யாரும் பேப்பர் போடலை. கார்டன் மூர் நேரா பெக்மனுக்குப் போன் செய்தார். பிறகு சந்திச்சுப் பேசினாங்க. அவங்க கேட்டதும் நியாயமான விஷயம்தான். ஷாக்லியைத் துரத்தணும்னு கேட்கலை. அவர் ஆலோசகரா இருக்கட்டும், பேராசிரியரா போகட்டும், அன்றாட நிர்வாகத்தை வேற ஒருத்தர் பார்க்கட்டும்னு கேட்டாங்க. பெக்மன் முதலில் தலையாட்டினார். கொஞ்ச நாளில் பின்வாங்கிட்டார். நோபல் வாங்கின ஒருத்தரை இப்படி ஓரங்கட்டினா அவர் பேரே போயிடும்னு அவருக்குத் தோணிடுச்சு. ஷாக்லிதான் பாஸ், அதில் மாற்றமில்லைன்னு சொல்லிட்டார்.

நம்ம பலத்தை நாமே அதிகமா எடைபோட்டுட்டோம் என்கிற பொருளில் மூர் பின்னாளில் சொன்னார். இந்தப் பக்கம் பேர் தெரியாத சில இளைஞர்கள், அந்தப் பக்கம் நோபல். முதலாளி யார் பக்கம் நிப்பார்?

என் பார்வையில் இந்தக் கதையோட திருப்பம் இங்கேதான் இருக்கு. பாஸ் மோசம்னு அவங்களுக்குப் பல மாசமாவே தெரியும். அது மட்டும் வச்சு முடிவெடுக்க முடியலை. "இது மாறுமா? மாத்தக்கூடிய ஆள் யாரு? அவர் மாத்துவாரா?" இதுக்குத்தான் விடை தெரியாம இருந்தது. மூரோட போன் அந்த விடையை வாங்கிக் கொடுத்தது. தோத்துப்போன முயற்சிதான். ஆனா அதுக்கப்புறம் "கொஞ்ச நாள் பொறுத்தா சரியாயிடும்"னு யாரும் தன்னையே ஏமாத்திக்க முடியாம போச்சு. இன்னொன்னு, புகார் கொடுத்தது ஷாக்லிக்கும் தெரிஞ்சுபோச்சு. மேலிடத்துக்குப் போறதுக்கு இப்படி ஒரு விலை உண்டு. போன பிறகு பழையபடி இருக்க முடியாது.

ஒரு கடிதம், பத்து டாலர் நோட்டுகள்

யூஜின் கிளைனரோட அப்பாவுக்கு நியூயார்க்கில் ஹேடன் ஸ்டோன் என்ற பங்குத்தரகு நிறுவனத்தில் கணக்கு இருந்தது. அந்த வழியா அங்கே ஒரு கடிதம் போனது. நாங்க ஒரு குழுவா இருக்கோம், எங்களைச் சேர்த்தே வேலைக்கு எடுக்கிற கம்பெனி ஏதாவது இருக்குமான்னு கேட்டிருந்தாங்க. கவனிங்க, கேட்டது வேலைதான். ஸ்டார்ட்அப் ஆசையெல்லாம் அப்ப கிடையாது.

ஆர்தர் ராக் என்ற இளைஞர் தன் சீனியர் பட் கோய்லோட விமானம் ஏறி வந்தார். "வேலை எதுக்குத் தேடறீங்க? நீங்களே ஒரு கம்பெனி ஆரம்பிங்க" என்பதுதான் அவங்க கொடுத்த யோசனை. அந்த நேரத்தில் கூட்டத்தில் இருந்தது ஏழு பேர். நொய்ஸ் இல்லை. லேபில் ஷாக்லிக்கு நெருக்கமா, ரெண்டு பக்கத்துக்கும் நடுவுல நின்னவர் அவர். வயசு 29. மனைவி, குழந்தைங்க, செட்டில் ஆகி ஒரு வருஷம்தான் ஆன ஊர். ராபர்ட்ஸ் போன் போட்டு ரொம்ப நேரம் பேசின பிறகுதான் சம்மதிச்சார். எட்டுப் பேர்லயும் தலைவர்னு மத்தவங்க நினைச்ச ஆளே கடைசியா வந்து சேர்ந்தார். தயங்கறதைக் கோழைத்தனம்னு நினைக்கறவங்க இதைக் கொஞ்சம் யோசிக்கணும்.

ஒப்பந்தம் எழுதற அளவுக்கு அப்ப ஒண்ணும் இல்லை. அதனால எட்டுப் பேரும், ராக், கோய்ல் ரெண்டு பேரும், ஆளுக்கொரு டாலர் நோட்டு எடுத்து, ஒவ்வொரு நோட்டிலும் பத்துப் பேரும் கையெழுத்துப் போட்டாங்க. ராக் முப்பதுக்கும் மேற்பட்ட கம்பெனிகளைக் கேட்டார். எல்லாரும் கைவிரிச்சாங்க. கடைசியில் ஷெர்மன் ஃபேர்சைல்டு என்ற தொழிலதிபர் ஒத்துக்கிட்டார். சுமார் 13.8 லட்சம் டாலர். எட்டுப் பேரும் தலைக்கு 500 டாலர் போட்டாங்க. 1957 செப்டம்பர் 18-ஆம் தேதி சேர்ந்து ராஜினாமா பண்ணினாங்க. 'துரோகிகள் எட்டுப் பேர்' என்ற பெயர் பின்னாளில் அவங்களுக்கு ஒட்டிக்கிச்சு.

இதில் ஒரு சட்ட விஷயமும் இருக்கு. வேலையை விட்டவர் போட்டித் தொழில் செய்யக் கூடாதுன்னு போடற ஒப்பந்தம் கலிஃபோர்னியாவில் செல்லாது. 1872-லிருந்து அப்படித்தான். நம்ம இந்திய ஒப்பந்தச் சட்டமும் அதே 1872-ல் வந்தது. அதோட 27-ஆவது பிரிவு கிட்டத்தட்ட இதையே சொல்லுது. ரெண்டுக்கும் மூலம் ஒண்ணுதான்: டேவிட் டட்லி ஃபீல்டு என்ற வழக்கறிஞர் நியூயார்க்குக்காகத் தயாரிச்ச சட்ட வரைவு. கம்பெனி ரகசியமும் பாண்ட் பணமும் வேற விஷயம், அதையெல்லாம் தனியா பார்க்கணும். ஆனா ஆஃபர் லெட்டரில் இருக்கிற எல்லா மிரட்டலும் சட்டம் ஆகிடாது.

அதுக்கப்புறம்

ஃபேர்சைல்டு செமிகண்டக்டர் வேகமா மேலே போச்சு. 1959-ல் ஹோர்னியோட பிளானர் முறையும், அதை வச்சு நொய்ஸ் வடிவமைச்ச ஐ.சி.யும் அங்கேதான் வந்தது. ஷாக்லியோட லேப் லாபமே பார்க்கலை. 1960-ல் வேற கம்பெனிக்கு வித்துட்டாங்க. அவர் ஸ்டான்ஃபோர்டில் பேராசிரியர் ஆனார். பிறகு இனங்களோட அறிவைப் பத்திக் கேவலமான வாதங்களைப் பேசித் திரிஞ்சு, இருந்த மரியாதையையும் தொலைச்சார்.

ஆனா "பேப்பர் போட்டா இன்டெல் ஆகலாம்"னு இதைப் படிச்சுடாதீங்க. அவங்க ராஜினாமா பண்ணி 16 நாளில், அக்டோபர் 4-ஆம் தேதி, சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை ஏவியது. அமெரிக்கா ராக்கெட்டுக்கும் மின்னணுவுக்கும் பணத்தைக் கொட்ட ஆரம்பிச்சது. அவங்க கணக்கிலேயே இல்லாத அதிர்ஷ்டம் அது. பெரும்பாலானவங்க கையில் பிஎச்.டி. இருந்தது. அவங்களுக்குத் தெரிஞ்ச வேலை தெரிஞ்சவங்க உலகத்திலேயே ரொம்பக் கம்மி. வீட்டு வாடகையும் இ.எம்.ஐ.யும் கட்டற ஒருத்தருக்கு அந்த வசதி இருக்காது.

புது இடம் நிரந்தர சொர்க்கமாவும் இல்லை. 1961-ல் எட்டுப் பேர்ல நாலு பேர் அங்கிருந்து கிளம்பினாங்க. 1968-ல் நொய்ஸும் மூரும் அதையும் விட்டுப் போய்த்தான் இன்டெல் ஆரம்பிச்சாங்க. ஒரு தடவை எடுத்த முடிவு ஆயுசுக்கும் போதாது.

அவங்ககிட்டேருந்து நாம எடுத்துக்கக் கூடியது அவங்க போன வரிசை. முதலில் மாத்த முடியுமான்னு, மாத்தக்கூடிய ஆள்கிட்டயே கேட்டாங்க. பதில் தெரிஞ்சதும் ஆசையை விட்டாங்க. தனித்தனியா சிதறாம, யாரோட போறோம்னு பேசி முடிச்சாங்க. அடுத்த இடம் கைக்கு வந்த பிறகே ராஜினாமா பண்ணினாங்க. மே மாசத்திலிருந்து செப்டம்பர் வரைக்கும், அதே பாஸுக்குக் கீழே, தினமும் வேலைக்குப் போய்க்கிட்டே இதையெல்லாம் செஞ்சாங்க.

இப்ப அப்படி ஒரு ஆபீஸ்ல நீங்க இருந்தா, இந்த எபிசோடைக் கேட்டுட்டு இன்னைக்கு ராத்திரியே மெயில் தட்ட வேண்டாம். உங்க பாஸுக்கு மேலே இருக்கிற பெக்மன் யாருன்னு யோசிங்க. அவர்கிட்ட இதுவரைக்கும் கேட்டிருக்கீங்களா? பிராட்டைன் மாதிரி டீம் மாற வழி இருக்கா? இந்த ரெண்டுக்கும் பதில் இல்லைன்னு ஆனா, உங்க கடிதம் யாருக்குப் போகணும்னு தேட ஆரம்பிங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.