மணிலாக்கொட்டையும் மணிலா நகரமும்

சிங்கவரத்தைச் சுற்றிய கொல்லைகளில் விளையும் வேர்க்கடலையை நம் பக்கத்தார் மணிலாக்கொட்டை என்பார்கள். வாய்க்குச் சுளுவாக மல்லாட்டை என்பதும் உண்டு. தென் அமெரிக்காவில் பிறந்த பயிர், பெயரில் மட்டும் பிலிப்பைன்ஸ் தீவுகளின் தலைநகரைச் சுமந்து நிற்கிறது. அந்த நகரத்துக்கும் நமக்கும் இன்னொரு உறவும் உண்டு. அது அவ்வளவு ருசியானதல்ல.

சிங்கவரத்துக் குகையில் பள்ளிகொண்ட ரங்கநாதர், தேசிங்கு ராஜனின் இஷ்ட தெய்வம் என்பார்கள். 1714-ல் ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லா கானை எதிர்த்து அவன் புறப்பட்டபோது, பெருமாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்பது கதை. தேசிங்கு மாண்டான், செஞ்சிக் கோட்டை நவாபுக்குப் போயிற்று. 1750-ல் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி ஓரிரவில் அதைப் பிடித்தான். 1761-ல் புதுச்சேரி வீழ்ந்தது. அந்த ஆண்டே செஞ்சியும் ஆங்கிலேயர் வசமாயிற்று. கொடிகள் மாறின; கொல்லையில் ஏர் பிடித்தவனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மறு ஆண்டு நடந்ததுதான் விசித்திரம். ஸ்பெயின் பிரான்சின் பக்கம் சேரவே, ஸ்பெயினின் கீழிருந்த மணிலாவைப் பிடிக்கச் சென்னையிலிருந்து கப்பல்கள் புறப்பட்டன. டிரேப்பர் தலைமையில் சென்ற அந்தப் படையில் கம்பெனியின் சிப்பாய்களும் இருந்தார்கள். 1762 அக்டோபர் 6-ந் தேதி மணிலா வீழ்ந்தது. தன் மண்ணை அப்போதுதான் அந்நியனுக்குப் பறிகொடுத்துக்கொண்டிருந்தவன், அதே அந்நியனுக்காக இன்னொருவன் மண்ணைப் பறிக்கப் போனான்! வயிறு என்ற ஒன்று இருக்கிறதே, அதைச் சொல்லாமல் அவனை மட்டும் குற்றம் சொல்வது நியாயமாகாது.

மணிலாவில் ஸ்பானியர் தோற்ற செய்தி கேட்டு, வடக்கே இலோகோஸ் பகுதியில் டியேகோ சிலாங் கிளர்ந்தெழுந்தான். ஆங்கிலேயரின் உதவியை நம்பினான். 1763 மே மாதம் வஞ்சகமாகச் சுட்டுக் கொல்லப்பட்டான். அவன் மனைவி கப்ரியேலா போரைத் தொடர்ந்தாள். செப்டம்பரில் அவளைத் தூக்கிலிட்டார்கள். ஐரோப்பாவில் சமாதானம் ஏற்பட்டுவிடவே, 1764-ல் ஆங்கிலேயர் மணிலாவை ஸ்பெயினிடமே ஒப்படைத்துவிட்டுக் கப்பலேறினார்கள். சிப்பாய்கள் சிலர் மட்டும் திரும்பவில்லை. மணிலாவுக்கு அருகே காயிந்தா என்னும் ஊரில் பெண் கொண்டு, குடியும் குடித்தனமுமாக அந்த மண்ணோடு கலந்துவிட்டார்கள்.

நெருப்பு அணையவில்லை. 1892-ல் பொனிபாசியோவும் தோழர்களும் கதிபூனான் என்ற இரகசியச் சங்கத்தை அமைத்தார்கள். 1896-ல் புரட்சி மூண்டது. அந்த டிசம்பர் 30-ந் தேதி நாவலாசிரியர் ஹோசே ரிசால் சுட்டுக் கொல்லப்பட்டார். 1898 ஜூன் 12-ந் தேதி அகினால்டோ சுதந்திரத்தைப் பிரகடனம் செய்தார். ஆனால் அந்த டிசம்பரிலேயே, இரண்டு கோடி டாலருக்கு, ஸ்பெயின் தீவுகளை அமெரிக்காவுக்குக் கொடுத்துவிட்டது. மீண்டும் போர்; மீண்டும் தோல்வி. இடையில் ஜப்பானியர் வந்து போனார்கள். 1946 ஜூலை 4-ந் தேதிதான் அமெரிக்கா விடுதலை தந்தது.

ஆயினும் இன்று பிலிப்பைன்ஸ் மக்கள் சுதந்திர தினமாகக் கொண்டாடுவது ஜூலை 4 அல்ல. 1962-ல் அதிபர் மகபகால் அதை ஜூன் 12-க்கு மாற்றினார். பிறர் கொடுத்த நாளைவிட, தாமே எடுத்துக்கொள்ளத் துணிந்த நாள் அவர்களுக்குப் பெரிதாகப் பட்டது. அது தோல்வியில் முடிந்த நாளாயினும் சரி.

நமக்கு இது புரியாததல்ல. தேசிங்கு வடக்கிலிருந்து வந்த ராஜபுத்திரன். அவன் சண்டை கப்பப் பாக்கியைப் பற்றியது. மக்கள் விடுதலைக்காக நடந்ததென்று சொல்ல முடியாது. எனினும் செஞ்சியை வென்ற புஸ்ஸியை நம் கிராமங்களில் யார் பாடுகிறார்கள்? தோற்ற தேசிங்கைத்தான் பாடுகிறார்கள். பணிய மறுத்தவனை ஜனங்கள் எளிதில் மறப்பதில்லை. அப்படியிருக்க, நம் சிப்பாய்கள் கால் வைத்த மண்ணில் தூக்குமேடை ஏறிய கப்ரியேலாவையும் நாம் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டாமா?