மருந்துக் கொடையும் நூற்கொடையும்

சமண சமயம் இல்லறத்தார்க்கு வகுத்த கொடைகள் நான்கு. ஆகார தானம், ஔஷத தானம், சாத்திர தானம், அபய தானம் என்பன அவை. உணவு, மருந்து, நூல், அடைக்கலம் எனத் தமிழில் இவற்றைக் கூறலாம். இவற்றுள் உணவுக்கும் மருந்துக்கும் உள்ள உறவு யாவரும் அறிந்தது. மருந்துக்கும் நூலுக்கும் உள்ள உறவோ பலர் எண்ணிப் பாராதது. தமிழ் இலக்கியம் அவ்வுறவைத் தன் நூற்பெயர்களிலேயே பொதிந்து வைத்துள்ளது.

பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் மூன்று, மருந்தின் பெயரால் வழங்குவன. சுக்கு, மிளகு, திப்பிலி என்னும் முக்கடுகின் பெயர் பெற்றது நல்லாதனாரின் திரிகடுகம். கண்டங்கத்தரி, சிறுவழுதுணை, சிறுமல்லி, பெருமல்லி, நெருஞ்சி ஆகிய ஐந்து வேர்களின் பெயர் பெற்றது காரியாசானின் சிறுபஞ்சமூலம். ஏலம் முதலாக இலவங்கப்பட்டை, சிறுநாவற்பூ, மிளகு, திப்பிலி, சுக்கு ஆகிய ஆறு சரக்குகள் சேர்ந்த மருந்தின் பெயர் பெற்றது கணிமேதாவியாரின் ஏலாதி. திரிகடுகத்தின் கடவுள் வாழ்த்து திருமாலைப் போற்றுவது. காரியாசானும் கணிமேதாவியாரும் சமணர். சமயம் வேறாயினும், உடற்பிணிக்கு மருந்து போல உள்ளப்பிணிக்கு அறம் என்னும் கருத்து மூவர்க்கும் பொதுவாயிற்று. அன்றியும், ஏலாதி மருந்தின் சரக்குகள் ஒரு பங்கு, இரு பங்கு என ஆறு பங்கு வரை ஏறிச் செல்லும் அளவுடையன. சரக்கோடு அளவையும் சேர்த்துச் சொல்வதே பழைய மருத்துவ மரபு.

சமண மருத்துவத்துக்குத் தனி நூலும் உண்டு. இராட்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் வாழ்ந்த 9-ஆம் நூற்றாண்டில் உக்கிராதித்தியாசாரியர் வடமொழியில் இயற்றிய கல்யாணகாரகம் அது. ஊன், மது, தேன் மூன்றையும் விலக்கி மருந்து கூறுவது அதன் தனிச்சிறப்பு. பிற உயிர்க்குத் தீங்கு செய்து பெறும் நலம் நலமன்று என்ற கொள்கை, மருத்துவரின் கருத்தை உண்ணத்தக்க செடி கொடிகளின்பால் மேலும் ஆழமாகத் திருப்பியது. ஓலைச்சுவடிகளில் வாழ்ந்த அந்நூல் 1940-இல் சோலாப்பூரில் அச்சேறியது.

மருத்துவர் முற்காலந்தொட்டு எதிர்த்துப் போராடிய பிணிக்குறிகளுள் தலையாயது அழற்சி. சிவப்பு, வீக்கம், வெப்பம், வலி என அதன் நான்கு அடையாளங்களை உரோமானிய ஆசிரியர் செல்சசு முதல் நூற்றாண்டிலேயே வரைந்தார். அதனைத் தணிக்கும் சரக்குகளின் உட்பொருளைத் தேடும் பணி 19-ஆம் நூற்றாண்டில் தொடங்கிற்று. 1815-இல் வோகல், பெல்லெத்தியே என்னும் இருவர் மஞ்சளினின்று குர்குமினைப் பிரித்தனர். 1819-இல் தென்மார்க்கு நாட்டு ஓர்ஸ்டெட் மிளகினின்று பைப்பரினைப் பிரித்தார். மறு ஆண்டில் மின்னோட்டம் காந்த ஊசியை அசைப்பதைக் கண்டறிந்து உலகப்புகழ் எய்தியவரும் அவரே. திப்பிலியின் காரத்துக்கும் பைப்பரினே காரணம்.

சுக்கின் கதை இன்னும் சுவையானது. கிழங்குகளை விலக்கும் நோன்புடையோர் பலர், பச்சை இஞ்சியைக் கொள்ளாவிடினும் உலர்ந்த சுக்கைக் கொள்வர். இஞ்சியின் காரப்பொருள் ஜிஞ்சரால். உலரும்போது அது நீர்க்கூற்றை இழந்து ஷோகால் என்னும் வேறு பொருளாகிறது. இஞ்சியைக் குறிக்கும் ஜப்பானியச் சொல்லினின்று அமைந்த பெயர் இது. ஆகவே சுக்கு, நீர் வற்றிய இஞ்சி மட்டுமன்று. தன் காரமும் குணமும் மாறிய தனிச்சரக்கு. ஆஸ்பிரின், புராஸ்டாகிளாண்டின் என்னும் அழற்சிப் பொருள் உண்டாவதைத் தடுக்கிறது என்று ஜான் வேன் 1971-இல் காட்டினார். இஞ்சியின் காரப்பொருள்களும் அதே உற்பத்தியைத் தடுப்பதை 1982-இல் ஜப்பானிய ஆய்வாளர் சோதனைச்சாலையில் கண்டனர். இதற்கு முன்பே, குர்குமின் விலங்குகளின் வீக்கத்தைக் குறைப்பதை 1973-இல் இலக்னோவிலுள்ள மத்திய மருந்து ஆய்வு நிறுவனத்தார் வெளியிட்டிருந்தனர்.

இவ்வறிவு யாருக்கு உரியது என்ற வழக்கு 1995-இல் எழுந்தது. மஞ்சளைப் புண் ஆற்றப் பயன்படுத்துவதற்கு மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையம் அமெரிக்கக் காப்புரிமை பெற்றது. பாட்டிமார் அறிந்த செய்தி புதுக் கண்டுபிடிப்பாகப் பதிவாயிற்று. இந்திய அறிவியல் தொழிலக ஆய்வு மன்றம் மறுப்புத் தொடுத்தது. வாய்வழக்கு அன்று அங்கே செல்லுபடியாகவில்லை, எழுத்தே வேண்டியிருந்தது. வடமொழி, உருது, இந்தி நூல்கள் உள்ளிட்ட 32 சான்றுகளும், அவற்றுள் ஒன்றாக 1953-இல் வெளிவந்த மருத்துவ இதழ்க் கட்டுரையும் முன்வைக்கப்பட்டன. 1997-இல் காப்புரிமை நீக்கப்பட்டது. அந்நூல்களைப் படியெடுத்துக் காத்தவர்கள் இத்தகைய வழக்கைக் கனவிலும் கண்டிரார். ஆயினும் அவர்கள் காத்த ஏடே வென்றது. சாத்திர தானத்தின் பயன் இத்தகையது.

வென்றபின்னும் ஒரு பாடம் எஞ்சியிருந்தது. குர்குமின் தனித்து உண்டால் உடலிற் சேர்வது மிகக் குறைவு. 2 கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரினைச் சேர்த்துத் தந்தபோது உடல் ஏற்கும் அளவு 20 மடங்கு உயர்ந்ததை 1998-இல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர் கண்டனர். மஞ்சட்பாலில் மிளகு தூவும் வழக்கத்துக்கு இதனைச் சான்றாகக் காட்டுவோர் பலர். ஆனால் கணக்கிட்டுப் பார்த்தல் வேண்டும். மஞ்சளில் குர்குமின் நூற்றுக்கு ஏறத்தாழ 3 பங்கே. அவ்வாய்வில் தந்த அளவைப் பெற 65 கிராமுக்கு மேல் மஞ்சள்தூள் வேண்டும். எந்தக் குழம்பும் அதனைத் தாங்காது. உணவிலுள்ள மஞ்சள் உணவே. செறிவூட்டிய மாத்திரை வேறு. அம்மாத்திரைகளை உண்டோர் சிலர்க்குக் கல்லீரல் அழற்சி தோன்றியதை இத்தாலிய அரசு 2019-இல் அறிவித்து எச்சரித்தது. அழற்சியைத் தணிக்க நாடிய பொருளே அளவு மீறியபோது அழற்சியோடு தொடர்புடையதாயிற்று.

ஏலாதி மருந்து பங்கு சொல்லி நின்றதன் பொருள் இப்போது விளங்கும். சரக்கின் பெயரை மட்டும் நினைவிற் கொண்டு அளவை மறப்பது, நூலின் பெயரை மட்டும் அறிந்து பாடலை அறியாமை போன்றது. மருந்தை அளவோடு தருவதே ஔஷத தானம். அவ்வளவைப் பிழையின்றி எழுதி அடுத்த தலைமுறைக்குத் தருவதே சாத்திர தானம். இரண்டையும் அடுத்தடுத்து வைத்த சான்றோர் காரணத்தோடுதான் வைத்தனர் போலும்.