மணலிக்கு வந்த மேனாட்டு மெட்டு

எங்கள் மாத்தூருக்கு அடுத்த ஊர் மணலி. அதன் பெயரைக் கேட்டதும் பலருக்கும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையே நினைவுக்கு வரும். எனக்கு வருவதோ ஒரு பாட்டு.

சிறுவனாக வயலின் பயின்ற நாளில், முத்துசுவாமி தீட்சிதரின் 'சந்ததம் பாஹிமாம்' என்னும் உருப்படியை என் ஆசிரியர் கற்பித்தார். ராகம் சங்கராபரணம்; ஆனால் கமகம் மருந்துக்கும் இல்லை. "ஏன் ஐயா அசைக்காமல் வாசிக்கிறோம்?" என்றேன். "அது நோட்டு, அப்படித்தான்" என்றார். சில ஆண்டுகளுக்குப்பின், ஒரு பழைய ஆங்கிலப் படத்தில் பாண்டு வாத்தியக் குழு பிரிட்டிஷ் நாட்டுப்பண்ணை முழக்கிற்று. திடுக்கிட்டேன். அந்த மெட்டை என் விரல்கள் முன்னரே அறிந்திருந்தன!

அது வந்த வழியைத் தேடிச் சென்றேன். வழி என் ஊர் எல்லைக்கே வந்து சேர்ந்தது. முத்துசுவாமியின் தந்தையார் இராமசாமி தீட்சிதரைத் திருவாரூரிலிருந்து மணலிக்கு வரவழைத்து ஆதரித்தவர் முத்துகிருஷ்ண முதலியார். அவர் மைந்தர் வேங்கடகிருஷ்ண முதலியார் கிழக்கிந்தியக் கம்பெனியின் துபாஷ். அதாவது, இருமொழி அறிந்து இடைநின்று காரியம் முடிப்பவர். அவர் தீட்சிதர் சகோதரர்களைப் புனித ஜார்ஜ் கோட்டைக்கு அழைத்துச் சென்று பாண்டு வாத்தியம் கேட்கச் செய்தார் என்பர். அங்கே கேட்ட பட்டாள மெட்டுகளுக்கும் நடன மெட்டுகளுக்கும் முத்துசுவாமி (1775–1835) வடமொழிச் சாகித்தியம் இயற்றினார். 'நோட்டு' என்பதே ஆங்கிலச் சொல்லின் திரிபுதான். அரசனைக் காக்குமாறு இறைவனை வேண்டிய மெட்டு, அவர் கையில் 'என்னைக் காத்தருள்' என்று அம்பிகையை வேண்டலாயிற்று. இவற்றைச் சிறுவர் பாடமென்று ஒதுக்குவது எனக்கு உடன்பாடன்று.

தம்பி பாலுசாமியோ ஓர் ஐரோப்பியரிடம் மூன்றாண்டு வயலின் பயின்றார். இச்செய்தியை நமக்கு வைத்துப் போனவர், அவருடைய மகள்வயிற்றுப் பேரரும் சுவீகாரப் புதல்வருமான சுப்பராம தீட்சிதர். அவருடைய 'சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி' 1904-இல் எட்டயபுரத்தில் அச்சேறியது.

இரு கலப்பும் ஒன்றல்ல என்பதே நான் கண்டது. மெட்டு, வந்த கோலத்திலேயே விறைத்து நின்றுவிட்டது. வயலினோ மாறிற்று. மேனாட்டார் நின்று, தோளில் ஏந்தி வாசித்த கருவி, இங்கே தரையில் அமர்ந்தவரின் வலக்காலில் தலை சாய்த்தது. அதன் தந்திகள் ஸ, ப, ஸ, ப எனச் சுருதி கூட்டப்பட்டன. விரல் தந்தியில் வழுக்கிச் செல்ல, கமகம் பிறந்தது. 1834-இல், முத்துசுவாமியின் மாணாக்கரான தஞ்சை வடிவேலுவுக்குச் சுவாதித் திருநாள் மன்னர் தந்த பரிசு, தந்தத்தாலான வயலின்.